முதலில் ஹப்பைக் கழற்றுங்கள்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. தகவல் முன்கூட்டியே வந்துவிடும். என் கடைக்கு அன்றைக்குத்தான் கூட்டம். ஆதார் திருத்தம், பட்டா நகல், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்த வேலைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு பழவேற்காடு பஜாருக்கு வந்துவிடுவார்கள்.

போன மாசியில் அப்படி ஒரு நாள். கோட்டைக்குப்பத்திலிருந்து எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவர் ஒரு ஒயர் கூடையோடு வந்து நின்றார். கூடைக்குள் துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். கூடவே லேப்டாப்பும், நாலு வாய் வைத்த ஒரு யூஎஸ்பி ஹப்பும்.

"டிக்கு டிக்குன்னு சத்தம் வருது பாப்பா. லேப்டாப்புல போட்டா, ஃபார்மட் பண்ணணும், பண்ணவான்னு கேக்குது."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "ஓகே குடுத்துட்டீங்களா?"

"இல்ல. பையன் கைய வெச்சுட்டான். நாந்தான் இரு, பாப்பாவக் கேட்டுட்டுச் செய்யலாம்னு புடிச்சுக்கிட்டேன்."

அந்தக் கையைப் பிடித்தாரே, அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். இதற்கு முன்பே வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் போச்சு, மெட்ராஸுக்கு அனுப்பணும், இருபதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஹப்பில் இருந்து கழற்றி நேராகப் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போனால், நான் ஏன் ஒரு பதிவு முழுக்க இதைப் பற்றி எழுதுகிறேன் என்பது புரியாது.

பெரியப்பா வீட்டில் பழைய பாட்டு நோட்டுகள் இருந்தன. சினிமாப் பாட்டு இல்லை, பாடு. எங்கள் ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் விழுகிற நல்ல இடங்களில், யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் இடமும் நாளும் முறை வைத்துச் சுற்றி வரும். ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் உள்ளவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு அது இன்னொருத்தருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்து இதைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எந்த நாள், யார் யார் தலைக்கட்டு என்ற கணக்கு இருந்தது கோடு போட்ட அந்தப் பள்ளிக்கூட நோட்டுகளில்தான். உப்புக் காற்றில் காகிதம் அப்பளமாகி உடைய ஆரம்பித்ததும், பெரியப்பாவின் மகன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அந்த டிஸ்க்கில் போட்டு வைத்தான். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் எடுத்த சுனாமிப் படங்கள், முகத்துவாரம் தூர்ந்து மண்மேடாகக் கிடந்த வருஷங்களில் எடுத்த படங்கள், வலை கட்டும்போது ஆயாக்கள் பேசிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுகள் என்று எல்லாம் அதில்தான். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் மனுவோடு இணைத்த கரைப் படங்களும் அதில்தான். ஒரே ஒரு டிஸ்க். வேறு நகல் இல்லை.

இதே ஊரில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு வழக்குகளும் கடிதங்களும் ஹாலந்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ அந்தக் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அந்தக் கப்பல்கள் வந்து நின்ற அதே கரையில் தலைமுறை தலைமுறையாக வலை போட்டவர்கள் தங்கள் கையால் எழுதி வைத்தது, அன்றைக்கு என் மேஜைமேல் ஒரு துண்டுக்குள் கிடந்தது.

சரி, டிஸ்க்குக்கு வருவோம்.

முதலில் அவர்கள் வீட்டில் எப்படிப் போட்டார்களோ அப்படியே போட்டுக் காட்டச் சொன்னேன். லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி வாய். ஒன்று ஆட்டம் கண்டு போச்சு. மிச்சமிருந்த ஒன்றில் ஹப். ஹப்பில் மவுஸ், ஒரு பென்டிரைவ், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன், நாலாவதாக இந்த ஹார்ட் டிஸ்க். செருகியதும் 'விர்' என்று சுற்ற ஆரம்பித்தது, 'டிக்' என்று ஒரு சத்தம், அடங்கியது. மறுபடி விர், டிக், அமைதி. ஐந்து விநாடிக்கு மேல் விடவில்லை, பிடுங்கிவிட்டேன்.

இந்தச் சத்தத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். ஒன்று, படிக்கும் தலை பழுதாகி, தகட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அடித்துக்கொள்வது. அது நிஜமான சாவு மணி. இன்னொன்று, டிஸ்க்குக்குக் கரன்ட் போதாமல், மோட்டார் வேகம் எடுக்கும் முன்பே படுத்துவிடுவது. இந்த இரண்டாவதற்கும் முதலாவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. ஹப்பைக் கழற்றிவிட்டு, குட்டையான நல்ல கேபிளில், கம்ப்யூட்டரில் நேராகச் செருகிப் பார்த்தால் போதும்.

இதற்கான கணக்கு எளிதுதான். யூஎஸ்பி 2.0 வாய் ஒன்று, விதிப்படி, 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும். நீல நிற நாக்கு உள்ள 3.0 வாய் என்றால் 900. சட்டைப் பையில் வைக்கிற 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், சுற்றிக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்காது. ஆனால் நின்ற தகட்டைக் கிளப்பும் அந்த ஓரிரு நொடிகளில் 700-லிருந்து 1000 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நேராகச் செருகினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் விதியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிடும், வண்டி ஓடிவிடும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பை நடுவில் வைத்தால் கதை வேறு. அந்த 500-ல் ஹப்பின் செலவுக்கு 100 எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நாலு வாய்க்கும் தலைக்கு 100 என்று பிரிப்பதுதான் பழைய விதி. மலிவு ஹப்புகள் பிரிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து இழுக்க, எல்லாருக்கும் வோல்ட் இறங்கும்.

பெரியப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் வாழ்ந்ததே இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஹப்புக்குள்ள தகவல் போறது நம்ம பாடு மாதிரி பெரியப்பா. கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தரையா கூப்பிடும். மவுஸு, உன் முறை. பென்டிரைவு, உன் முறை. டிஸ்க்கு, நீ வா. அவங்கவங்க முறை வந்தாத்தான் பேசுவாங்க. அதனால சண்டை கிடையாது, கொஞ்சம் மெதுவாகும், அவ்ளோதான். ஆனா கரன்ட்டுக்குப் பாடு கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே எடத்துல வலைய எறக்குறாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப யாருக்கும் ஒண்ணும் விழாது."

அதேதான். அதற்கு மேல் விளக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கரன்ட்டை அளக்க என்னிடம் ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் இருக்கிறது. விரல் நீளம், சில நூறு ரூபாய் விலை. பழுது பார்க்கிற யாரும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். ஹப்பில் டிஸ்க் இல்லாமல் 4.9 வோல்ட் காட்டியது. டிஸ்க் சுற்றக் கிளம்பிய நொடியில் 4.3-க்கு விழுந்தது. என் கடைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நேராகச் செருகியதும் விர் என்ற சத்தம் ஏறி, சீராகி, அப்படியே நின்றது. டிக் இல்லை. கடையில் நின்றிருந்த நாலு பேரும் மூச்சு விட்டார்கள்.

பின்பக்கம் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், மேஜைக் கம்ப்யூட்டரில் முன்பக்க வாய்கள் உள்ளே ஒரு நீள ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த ஒயரிலும் கொஞ்சம் வோல்ட் குறையும். ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் எப்போதும் பின்பக்கம்தான்.

ஆனாலும் பின்பக்கத்திலேயே 4.7-க்குக் கீழே போய் வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். கேபிளின் முனையை வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே தகடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. எங்கள் ஊரில் இது இல்லாத வீடு கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி ஏரி. காற்றில் உப்பு எப்போதும் இருக்கிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மோட்டார் எல்லாவற்றையும் தின்கிற அதே உப்பு, யூஎஸ்பி முனையின் மெல்லிய தங்கப் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் அதன் வழியாக உள்ளே போய் அடியிலுள்ள செம்பைத் தின்னும். தொடும் இடத்தில் தடை கூடும். கால் ஓம் தடை என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஒரு ஆம்பியர் ஓடும்போது அந்தக் கால் ஓம் கால் வோல்ட்டைத் தின்றுவிடும். ஹப்பில் கால், கேபிளில் கால் என்று போனால் டிஸ்க்குக்கு என்ன மிஞ்சும்?

கேபிளைத் தூக்கிப் போட்டேன். புதுசு ஒன்று, அரை மீட்டருக்கும் குறைவான நீளத்தில். டிஸ்க்கின் வாயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, பிறகு போட்டேன். 4.9-லேயே நின்றது.

இனி ஃபார்மட் கேட்கிற பிரச்சினை. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இழக்கிறார்கள். டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குப் புரியவில்லை. அதனால் ஃபார்மட் பண்ணவா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு எப்போதும் 'வேண்டாம்' தான் பதில். கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. புத்தகத்தின் முதல் பக்கம் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தது. டிவியிலும் போட, கம்ப்யூட்டரிலும் போட வசதி என்று வாங்கியபோதே அப்படி வைத்திருக்கிறார்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை, எழுதப் போவதை முதலில் ஒரு நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, பிறகு எழுதும்; நடுவில் கரன்ட் போனாலும் குறிப்பைப் பார்த்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பு கிடையாது. டிஸ்க்கில் எழுத்து வேலை நடக்கிறதா, ஓய்ந்ததா என்பதை முதல் செக்டாரிலேயே ஒரு அடையாளமாகப் போட்டு வைக்கும். ஹப்பில் வோல்ட் விழுந்து டிஸ்க் படுத்தது அந்த முதல் செக்டாரை எழுதிக்கொண்டிருந்த நொடியாக இருந்திருக்க வேண்டும்.

டிஸ்க்கின் உடம்பைத் தெரிந்துகொள்ள கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் கணக்கை அது காட்டும். அதில் மூன்று வரி முக்கியம். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட இடங்கள்: பூஜ்ஜியம். சந்தோஷம். சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் இடங்கள்: 8. எழுதும்போது கரன்ட் போனாலே இந்த எண் ஏறும், தகடு கெட்டிருக்க வேண்டும் என்றில்லை. சி0 என்ற வரிதான் எனக்கு முழுக் கதையையும் சொன்னது. கரன்ட் திடீரென்று நின்றதால் தலையை அவசர அவசரமாக ஓரம் கட்டிய தடவைகள்: 240. மொத்தம் ஆன் ஆனதே 612 தடவை. சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கினாலும் இந்த எண் ஏறும் என்றாலும், இவ்வளவு பெரிய பங்கு என்றால் அந்த டிஸ்க் ரொம்ப நாளாகவே பட்டினியில் இருந்திருக்கிறது. கரன்ட் போகும் நொடியில், சுற்றிக்கொண்டிருக்கும் தகட்டின் வேகத்தையே ஜெனரேட்டர் ஆக்கி, அந்தக் கடைசி மூச்சில் தலையைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது அது. இருநூற்று நாற்பது தடவை அப்படித் தப்பியிருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டிமேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

சரிசெய்யும் வேலை எதையும் மூல டிஸ்க்கில் செய்யவில்லை. விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டவில்லை, அது சரிசெய்கிறேன் பேர்வழி என்று மூலத்திலேயே எழுத ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு திரும்பிப் போக வழியில்லை. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, டிடி-ரெஸ்க்யூ மூலம் அந்த 1 டெராபைட்டை அப்படியே இன்னொரு 2 டெராபைட் டிஸ்க்குக்கு எடுத்தேன். படிக்க வராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய், நல்லதை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கடைசியில் வந்து அந்த இடங்களை மறுபடி கேட்டுப் பார்க்கும் கருவி அது. எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்று கணக்கும் எழுதும். கரன்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்! நாலரை மணி நேரம் ஆயிற்று. பெரியப்பா வீட்டுக்குப் போகவே இல்லை. எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்குமேல் ராக்கெட் கிளம்பிய இரைச்சல் கேட்டது. எல்லாரும் வெளியே ஓடினார்கள், அவர் அந்தத் திரையில் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகல் கைக்கு வந்த பிறகு மற்றது சுலபம். எக்ஸ்ஃபேட் தன் முதல் பன்னிரண்டு செக்டாருக்கு ஒரு நகலை அடுத்த பன்னிரண்டில் எப்போதும் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி அந்த நகலைக் கண்டுபிடித்து, முன்னே கொண்டுவந்து வைத்துவிடும். வைத்தது. கோப்புறைகள் வரிசையாக வந்தன. எட்டே எட்டுச் செக்டார்தான் வரவில்லை. ஏதோ ஒரு கல்யாண வீடியோவில் ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கலாம், அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஹப் கெட்ட சாமான் இல்லை. மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ், கார்டு ரீடர் எல்லாம் அதில் இருக்கட்டும். சுற்றுகிற டிஸ்க் மட்டும் கம்ப்யூட்டரில் நேராக இருக்க வேண்டும். ஒரே வாய்தான் என்றால் டிஸ்க்குக்கு வாய், மற்றவர்கள் ஹப்பில் காத்திருக்கட்டும். நகல் எடுத்து முடிகிற வரை போனுக்கு வேறு இடத்தில் சார்ஜ் போடுங்கள். ஹப்புக்குள் ஹப் என்று சங்கிலி போடாதீர்கள்.

தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கினால் தீர்ந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். கரன்ட் நிற்காத ஊரில் அது சரி. எங்கள் ஊரில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரன்ட் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கரன்ட் போனால் லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஹப்புக்கு இல்லை. லேப்டாப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஹப் செத்து, எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் அறுந்துவிடும். அந்த அடாப்டரை இன்வெர்ட்டரில் போட முடிந்தால் மட்டும் அந்த வழி. புது லேப்டாப்பில் சி-டைப் வாய் மட்டும் இருந்து, சார்ஜரும் டிஸ்க்கும் ஒரே ஹப் வழியாகப் போகிறதென்றால், காப்பி ஓடும்போது சார்ஜரைச் செருகவோ பிடுங்கவோ செய்யாதீர்கள். பல ஹப்புகள் அந்த நொடியில் ஒருதரம் எல்லாரையும் உதறிவிட்டு மறுபடி சேர்க்கும்.

காப்பி போடும்போது டிஸ்க் அறுந்தால் கரன்ட்டைச் சந்தேகப்படுங்கள். சும்மா இருக்கும்போது காணாமல் போனால் அது வேறு. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கிறது, பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்தலாம். மேஜையில் வைக்கிற பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் உண்டு, அதனால் ஹப்பால் அது பட்டினி கிடக்காது.

நல்ல கேபிளில், நேராகப் போட்டும் டிக் டிக் என்று அடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் தகட்டைக் கீறலாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் ஊர்க் காற்றில் அதை வெளியே எடுத்த மறுநிமிஷம் உள்ளே வியர்த்துவிடும். மூடியைத் திறக்கவே கூடாது. அப்போதுதான், அப்போது மட்டும்தான், அந்த இருபதாயிரம் பேச்சு.

சாயங்காலம் கிளம்பும் முன்பு பெரியப்பா ஒரே ஒரு நோட்டைத் திறக்கச் சொன்னார். பழைய பச்சை மசியில் எழுதிய பக்கம். பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வந்தார். தன் நைனா பெயரில் நிறுத்தினார். பக்கத்தில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த எடம் இப்ப மண்ணு பாப்பா, நடந்தே போலாம்" என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து கூடையில் வைத்தேன்.

ஒரு நகல் கோட்டைக்குப்பத்தில், ஒன்று என் கடையில், மூன்றாவது பொன்னேரியில் கட்டிக் கொடுத்த அவர் மகள் வீட்டில். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிக்கும் முன்பு மூன்றையும் வெளியே எடுத்து, நேராகச் செருகி, ஒருதரம் சுற்ற விட்டுப் பார்க்க வேண்டும். கடைக் காலண்டரில் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.